இரண்டு மலையும் ஒரு சூரியனும்: ஆரம்பப் பிரிவில் சித்திரம் கற்பிப்பதற்கு ஒரு வழிகாட்டி

மூன்றாந் தரப் பிள்ளைகளிடம் வெள்ளைத் தாளொன்றைக் கொடுத்து "விரும்பியதைக் கீறுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். பத்து நிமிடத்திற்குள் பாதி வகுப்பின் தாள்களில் இரண்டு மலைகள் எழும்பிவிடும். மலைகளுக்கு நடுவே பாதிச் சூரியன், அதன் கீழே வளைந்து வரும் ஆறு, ஆற்றின் ஒரு கரையில் ஓட்டு வீடு, மறு கரையில் தென்னை. நான் கற்பிப்பது கொழும்பில், வெள்ளவத்தைப் பக்கம். என் வகுப்புப் பிள்ளைகளில் பலர் தொடர்மாடிகளின் ஐந்தாம், ஆறாம் தளங்களில் குடியிருக்கிறார்கள். சன்னலைத் திறந்தால் அவர்களுக்குத் தெரிவது கடலும், கடலை ஒட்டி ஓடும் புகையிரதப் பாதையும், எதிர்மாடியின் பல்கனியில் காயும் உடுப்புகளும். சூரியன் கடலில் இறங்குவதை அவர்கள் நாள்தோறும் காண்கிறார்கள். தாளில் மட்டும் அது மலைக்குப் பின்னால் நிற்கிறது.

அந்தப் படத்துக்காகப் பிள்ளையைக் குறை சொல்வதற்கில்லை. அண்ணனின் கொப்பியிலிருந்தோ, பக்கத்து மேசையிலிருந்தோ, மாலை வகுப்பிலிருந்தோ வந்து சேர்ந்த பழகிய படம் அது; "விரும்பியது" என்ற சொல்லுக்கு எல்லையே இல்லாததால், பிள்ளை தனக்குப் பத்திரமான ஒன்றைத் தேடிப் பிடிக்கிறது. ஆகவே சித்திரப் பாடத்தைத் திட்டமிடும் ஆசிரியரின் முதல் வேலை, பணியைச் சுருக்குவதாகும். ஒரு செயற்றிட்டத்துக்கு ஒரு சிக்கல் போதும்: இன்று கோடு, இன்று நிறம், இன்று ஒன்றின் பின்னால் ஒன்று மறைவது. சிக்கல் சிறியதாகவும் தெளிவாகவும் இருந்தால் மலைகளுக்கு இடமிராது.

பணியைச் சுருக்குவதற்கு முன் வயதை அறிந்திருக்க வேண்டும். முதலாம், இரண்டாம் தரப் பிள்ளை தாளின் அடியில் ஒரு தரைக்கோடு இழுத்து, எல்லாரையும் அதன்மேல் வரிசையாக நிறுத்தும். வானத்தைத் தாளின் உச்சியில் ஒரு நீலப் பட்டையாகத் தீட்டும். வீட்டுக்குள் இருக்கும் அம்மாவைச் சுவரினூடாகவே காட்டும். இவை பிழைகள் அல்ல. கண்டதைக் காட்டிலும் அறிந்ததை வரையும் பருவம் அது. வானம் தரைவரை வருகிறதே என்று அந்த வயதில் திருத்தினால், பிள்ளை உங்களுக்காக நீலத்தைக் கீழே இழுத்துவிட்டு அடுத்த படத்தில் மீண்டும் மேலே ஏற்றிவிடும். ஒன்பது, பத்து வயதில் நிலைமை தலைகீழாகிறது. நான்காம், ஐந்தாம் தரங்களில் பிள்ளை தன் படத்தைப் பொருளோடு ஒப்பிட்டு "எனக்குக் கீற வராது" என்று தானாகவே தீர்ப்பு எழுதத் தொடங்குகிறது. அந்தக் கட்டத்தில் அதற்குத் தேவைப்படுவது, பார்க்கும் முறையைக் கற்றுத்தரும் ஓர் ஆசிரியர். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் பேரில் சித்திரப் பாடவேளையை எடுத்துக்கொள்ளும் வழக்கம் சரியாக அந்த ஆண்டில்தான் வருகிறது என்பது எனக்குள்ள நெடுநாள் மனக்குறை.

தாளும் வர்ணமும்

பொருள்களுக்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. ஆனால் எதில் மிச்சம் பிடிக்கக் கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும். வர்ணத்தில் மிச்சம் பிடிக்கலாம், தாளில் கூடாது. நிழற்படப் பிரதித் தாளில் நீர் பட்டால் அது சுருண்டு, குழிகளில் வர்ணம் தேங்கி, இரண்டாம் தடவை தூரிகை போகும்போது பஞ்சுபோல் உரிந்து வரும். பிள்ளை தன் கையைத்தான் குறை சொல்லும். பென்சில் வேலைக்கு அந்தத் தாள் போதும். நீர் வேலைக்குப் புறக்கோட்டையில் தடித்த டிமை தாளை மொத்தமாக வாங்கி நான்காக வெட்டிக்கொள்வது மலிவு.

பெட்டிகளோடு வரும் மெல்லிய தூரிகைகள் பூனையின் மீசை வரைவதற்கு மட்டுமே உதவும். ஒரு குழுவுக்கு இரண்டு தடித்த தட்டைத் தூரிகைகளும், வெட்டிய பஞ்சுத் துண்டுகள் சிலவும் இருந்தால் வேலை நடக்கும். நீருக்கு யோகட் கோப்பை. ஆனால் ஒன்று மட்டும் வைத்தால் கவிழும். நான்கு கோப்பைகளைப் பழைய பிளாஸ்டிக் ஐஸ்கிறீம் பெட்டியொன்றுக்குள் இறுக்கி வைத்தால் கவிழாது. வர்ணம் கலக்கச் சிரட்டையின் பாதியோ வெள்ளைத் தட்டோ நல்லது. நிறம் பார்ப்பதற்கு வெள்ளைத் தட்டுக்கு மிஞ்சியது இல்லை.

சீருடை வெள்ளை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அப்பாவின் பழைய சேர்ட் ஒன்றைப் பின்முன்னாக மாட்டிக் கைகளை மடித்துவிட்டால் அதைவிடச் சிறந்த மேலங்கி கிடையாது. ஆண்டின் தொடக்கத்திலேயே பெயர் எழுதிக் கொண்டுவரச் சொல்லி வகுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். போஸ்டர் வர்ணம் பட்டால் காயுமுன் குளிர்ந்த நீரில் கழுவினால் பெரும்பாலும் போகும். மஞ்சள் தூளைக் கரைத்து வர்ணமாகப் பயன்படுத்துவது பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும், அதன்மேல் சவர்க்கார நீரைத் தொட்டால் செந்நிறமாக மாறுவது அதைவிடப் பிடிக்கும். ஆனால் அந்த மஞ்சள் சீருடையில் பட்டால் அடுத்த நாள் காலையில் வாசலில் நிற்கும் தாய்மாருக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

நாற்பது நிமிடப் பாடவேளையில் விளக்கத்துக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் எடுக்காதீர்கள்; கழுவித் துடைக்கப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். மிஞ்சுவது இருபத்தைந்து நிமிடம்தான். நீர்வர்ணப் பாடங்களுக்கு இரண்டு பாடவேளைகளைச் சேர்த்துக் கேட்டு வாங்கிக்கொள்வது உத்தமம்.

முதற் செயற்றிட்டம்: தன் சப்பாத்து

மூன்றாந் தரத்திலிருந்து மேலே, தவணையின் முதற் பாடமாக நான் வைப்பது இதுதான். ஒவ்வொரு பிள்ளையும் தன் வலக்காற் சப்பாத்தைக் கழற்றி, மேசையில் விரித்த பத்திரிகைத் தாளின்மேல் பக்கவாட்டாக வைக்கிறது. முதல் இரண்டு நிமிடம் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிப்பதற்குப் போய்விடும். அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு பென்சிலைத் தொட விடாமல் பார்க்க வைக்க வேண்டும். சுட்டுவிரலால் குதியிலிருந்து தொடங்கிச் சப்பாத்தின் ஓரத்தைக் காற்றில் மெதுவாகத் தொடர்ந்து வரச் சொல்லுங்கள். கேள்விகளைக் கேளுங்கள். நாடா போகும் துளைகள் எத்தனை? நாடா துளைக்குள் மேலிருந்து இறங்குகிறதா, கீழிருந்து ஏறுகிறதா? அடிப்பாகம் எந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது? கடைசிக் கேள்விக்கு ஒவ்வொரு பிள்ளையிடமும் வேறு வேறு விடை இருக்கும். வகுப்பில் எல்லாருக்கும் ஒரே வெள்ளைச் சப்பாத்தாக இருந்தும் எந்த இரண்டும் ஒன்றல்ல என்பதை அவர்களே கண்டுபிடிக்கும் இடம் அது.

தாள் கொடுத்ததும் இரண்டு விதிகள். ஒன்று, தாளின் இடது ஓரத்திலிருந்து ஒரு விரலகலம் தள்ளி ஒரு புள்ளி, வலது ஓரத்திலிருந்தும் அவ்வாறே ஒரு புள்ளி. சப்பாத்தின் நுனி ஒரு புள்ளியையும் குதி மறுபுள்ளியையும் தொட வேண்டும். இந்தப் புள்ளிகள் இல்லாவிட்டால் பெருந்தாளின் மூலையில் வண்டளவு சப்பாத்துகள்தாம் வரும். "பெரிதாகக் கீறுங்கள்" என்று எத்தனை முறை சொன்னாலும் பயனில்லை, ஏனெனில் எவ்வளவு பெரிதாக என்பது அதில் இல்லை. இரண்டாவது விதி, அழிறப்பர்கள் எல்லாம் ஆசிரியரின் மேசையிலுள்ள பெட்டிக்கு வந்துவிட வேண்டும். கோடு தவறினால் பக்கத்தில் இன்னொரு கோடு போடலாம். முதல் நாளில் இதற்கு எதிர்ப்பு வரும், சிலர் அழவும் கூடும். அழிப்பதற்கு வழியிருந்தால் அரைவாசி நேரம் அழிப்பதிலேயே கழியும் என்பதைப் பலமுறை கண்டபின் வைத்த விதி இது.

எப்படியும் ஒரு குரல் எழும்: "டீச்சர், எனக்கு வரல்ல, கீறித் தாங்க." இந்த இடத்தில் பென்சிலை வாங்காதீர்கள். நான் ஒருமுறை வாங்கினேன். ஒரு பையனின் சப்பாத்து நுனி சரியாக வரவில்லை என்று இரக்கப்பட்டு, இரண்டே கோடுகளில் வளைத்துக் கொடுத்தேன். படமும் அழகாகத்தான் இருந்தது. பெற்றோர் வந்த அன்று அவன் தன் தாயை அந்தப் படத்தின் முன் கொண்டுபோய் நிறுத்தி, விரலை நுனியில் வைத்து "இது டீச்சர் கீறினது" என்றான். மற்ற முழுச் சப்பாத்தையும் அவன்தான் கீறியிருந்தான். அதைப்பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து பிள்ளையின் தாளில் என் கோடு விழுவதில்லை. காட்டித்தான் ஆக வேண்டுமென்றால், என் செருப்பை எடுத்து வைத்து, வேறொரு துண்டுத் தாளில் அதன் வளைவை எப்படித் தொடர்ந்து போகிறேன் என்று பேசிக்கொண்டே கீறிக் காட்டிவிட்டு, அந்தத் துண்டை மடித்து என் பையில் வைத்துக்கொள்கிறேன். மேசையில் விட்டால் பிள்ளை தன் சப்பாத்தை விட்டுவிட்டு என் செருப்பைப் பார்த்துக் கீறும்.

பொருளைப் பார்த்து வரைவதும் அச்சிட்ட படத்தைப் பார்த்து வரைவதும் ஒன்றல்ல என்ற வாதம் இந்நாட்டில் புதிதன்று. 1920களில் இலங்கைப் பாடசாலைகளின் சித்திரக் கல்விக்குப் பொறுப்பான பரிசோதகராக இருந்த சி. எஃப். வின்சர் இந்த வழியில் கொண்டுவந்த மாற்றங்களின் நினைவாகவே, எஸ். ஆர். கனகசபை 1938இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய சித்திரக் கழகத்துக்கு வின்சரின் பெயர் வந்தது. அதற்குப் பின்னும் கரும்பலகையில் ஆசிரியர் ஒரு மயிலைக் கீற நாற்பது பேர் அதைப் பார்த்துக் கீறும் வகுப்புகள் இருக்கின்றன. அங்கே பிள்ளைகள் மயிலைக் கற்பதில்லை, ஆசிரியரின் கையெழுத்தைக் கற்கிறார்கள்.

மூன்று நிறத்திலிருந்து எத்தனை?

நிறப் பாடத்துக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை ஆகிய நான்கு போத்தல்களை மட்டும் வெளியே எடுங்கள். கறுப்பைப் பூட்டி வையுங்கள். மலிவான போஸ்டர் சிவப்பு பெரும்பாலும் செம்மஞ்சட் பக்கம் சாய்ந்தது. அதை நீலத்தோடு கலந்தால் ஊதா வராமல் சேற்று நிறம் வரும், வகுப்பே உங்களைச் சந்தேகத்தோடு பார்க்கும். ரோசா அல்லது மஜந்தா போத்தலொன்றை மேலதிகமாக வைத்திருந்தால் ஊதாவுக்கு அது கைகொடுக்கும். வெளிர்நிறத்தில் தொடங்கி அடர்நிறத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்ப்பது அடிப்படைப் பழக்கம். நீலத்தில் மஞ்சளைச் சேர்க்கத் தொடங்கினால் போத்தல் காலியாகும்வரை பச்சை வராது.

பணி இது: வீட்டிலிருந்தோ பாடசாலை வளவிலிருந்தோ ஆளுக்கோர் இலை. முருங்கை, கறிவேப்பிலை, வெற்றிலை, வாழைக்கிழிசல், எதுவாகவும் இருக்கலாம். அந்த இலையின் பச்சையை அப்படியே கலந்து, தாளில் ஒரு பொட்டு வைத்து, காய்ந்தபின் இலையை அதன்மேல் பிடித்துப் பார்க்க வேண்டும். காயாமல் ஒப்பிட்டால் ஏமாறுவோம். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தபின் வேறொன்று. பச்சை அதிகம் பளிச்சென்று இருந்தால் அதைத் தணிப்பது எப்படி என்று கேட்பார்கள். ஒரு துளி சிவப்பைச் சேர்க்கச் சொல்லுங்கள். நம்ப மாட்டார்கள், செய்து பார்ப்பார்கள். யாராவது மாந்தளிர் கொண்டுவந்துவிட்டால் அன்றைய பாடம் சிறக்கும், ஏனென்றால் அதில் பச்சையே இராது.

இதே பாடத்தின் தொடர்ச்சியாகத் தோலின் நிறத்தைச் செய்விக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பேஸ்டல் பெட்டிக்குள் "தோல் நிறம்" என்று பிள்ளைகள் சொல்லும் வெளிறிய ரோசாக் குச்சி ஒன்று இருக்கும். அம்மா, அப்பா, கோயில் ஐயர், ஓட்டோக்காரர் எல்லாரையும் அவர்கள் அதாலேயே தீட்டுகிறார்கள். வகுப்பில் ஒருவரின் தோலும் அந்த நிறமில்லை. அதைப் பற்றிப் பிரசங்கம் வேண்டாம். சேர்ட்டின் கையை மடித்து, முன்னங்கையைத் தாளின் பக்கத்தில் வைத்து, அந்த நிறத்தைக் கலக்கச் சொன்னால் போதும். மஞ்சள், அதைவிடச் சிறிது குறைவாகச் சிவப்பு, ஒரு துளி நீலம். கபிலம் வந்ததும் தேவைக்கேற்ப வெள்ளை. உள்ளங்கைக்கு ஒரு கலவை, புறங்கைக்கு வேறொன்று, முழங்கைக்கு இன்னும் அடர்ந்த ஒன்று. கலந்த நிறத்துக்கு ஆளுக்கொரு பெயர் வைக்கச் சொன்னேன். "பிளேன்டீ", "பனங்கட்டி", "சுட்ட பாண் ஓரம்" என்று பெயர்கள் வந்தன. அந்தப் பொட்டுகளை ஒரு நீளத் தாளில் ஒட்டி வைத்தால், அடுத்துவரும் உருவப்படப் பாடத்துக்குப் பிள்ளைகள் தாமாகவே அந்தத் தாளைப் பார்க்க எழுந்து போவார்கள்.

மழையும் மெழுகும்

தென்மேற்குப் பருவமழை தொடங்கும் மே மாதத்திலும், மாலையில் இடி இடித்துப் பெய்யும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் செய்வதற்கு இது ஏற்றது. தடித்த தாளில் மழை நேரத்துக் காலி வீதியைப் பேஸ்டலால் கீறச் சொல்லுங்கள்: குடைகள், பஸ்ஸின் விளக்குகள், நீர் தெறிக்கும் சக்கரங்கள். மழைக்கோடுகளை வெள்ளைப் பேஸ்டலாலோ மெழுகுதிரித் துண்டாலோ அழுத்தி இழுக்க வேண்டும். வெள்ளைத் தாளில் அவை தெரியா. அதன்மேல் தண்ணீர்போல் கரைத்த நீல, சாம்பல் வர்ணத்தைத் தட்டைத் தூரிகையால் ஒரே திசையில் ஓடவிட்டால், மெழுகு பட்ட இடங்களில் நீர் ஒட்டாமல் விலகி, மறைந்திருந்த மழை வெளியே வரும். முதல் தூரிகை ஓடும்போது வகுப்பிலிருந்து எழும் ஓசையைப் பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

இது தவறுவதற்கு இரண்டு காரணங்கள்தாம். பேஸ்டலை மெல்லத் தடவியிருந்தால் வர்ணம் அதை மூடிவிடும். வர்ணம் தடிப்பாக இருந்தாலும் மூடிவிடும். ஆகவே முதலில் ஒரு துண்டுத் தாளில் பரீட்சித்துப் பார்ப்பது கட்டாயம். கொழும்பின் ஈரக்காற்றில் இத்தாள்கள் எளிதில் காயா. மின்விசிறியின் கீழ் வைத்தால் பறந்து ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிக்கொள்ளும்; விறாந்தையில் கொடி கட்டி உடுப்புக் கவ்விகளால் தொங்கவிடுவதே வழி, மழைச்சாரல் அடிக்காத பக்கமாக.

முதலாம், இரண்டாம் தரங்களுக்கு வெண்டிக்காய், வாழைத்தண்டு, பாதியாக வெட்டிய பாகற்காய் ஆகியவற்றால் அச்சுப் பதிப்பது எளிது. வெட்டுமுகத்தை முதலில் துணியால் ஒற்றி ஈரத்தை எடுங்கள். வர்ணத்தில் தோய்க்காமல் பஞ்சில் ஊறிய வர்ணத்தில் ஒற்றுங்கள். மற்றதெல்லாம் பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள்.

எல்லாரும் சேர்ந்து ஒரு சுவர்

ஆண்டுக்கு ஒருமுறையாவது முழு வகுப்பும் ஒரே படத்தைச் செய்ய வேண்டும். எங்களுக்கு ஆடிவேல் திருவிழா வாய்ப்பாக அமைகிறது: செட்டியார்தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு வேல் வரும் வீதியைப் பல பிள்ளைகள் கண்டிருப்பார்கள். கபிலநிறத் தாளைச் சுவர் நீளத்துக்கு ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு பிள்ளையும் கூட்டத்தில் ஒருவரைத் தனித்தாளில் வரைந்து வெட்டியெடுக்கும். பலூன்காரர், தோளில் ஏறிய தம்பி, கடலைக்காரர், போக்குவரத்துப் பொலிஸ். "யாரோ ஒரு ஆள்" என்று ஏற்றுக்கொள்ளாதீர்கள். அவர் என்ன செய்கிறார், கையில் என்ன வைத்திருக்கிறார் என்று கேட்டபின்பே கத்தரிக்கோலைக் கொடுங்கள்.

ஒட்டும்போதுதான் பாடம் நடக்கிறது. பின்னால் நிற்பவர்களைச் சற்று உயரத்தில் முதலில் ஒட்டி, முன்னால் நிற்பவர்களை அவர்களின் உடல் பாதி மறையும்படி பிறகு ஒட்ட வேண்டும். தான் வரைந்த ஆளின் கால்கள் மறைவதை எந்தப் பிள்ளையும் எளிதில் ஏற்காது; பேரம் பேசும். ஒட்டாமல் முதலில் வைத்துப் பார்த்து, பின்னால் சென்று நின்று, கூட்டம் கூட்டமாகத் தெரிகிறதா என்று அவர்களே சொல்லும்வரை நகர்த்த விடுங்கள். ஒன்றின்பின் ஒன்று மறைவதை வாயால் விளக்கி இரண்டாந் தரத் தரைக்கோட்டை விட்டு வெளியே வந்த பிள்ளையை நான் கண்டதில்லை. கையால் நகர்த்தி வந்தவர்களைக் கண்டிருக்கிறேன்.

பசை விடயத்தில் ஓர் எச்சரிக்கை. செலவைக் குறைக்கக் கோதுமை மாவைக் காய்ச்சி ஒட்டி, வெள்ளிக்கிழமை பெருமையோடு வீட்டுக்குப் போனேன். திங்கட்கிழமை காலையில் கூட்டத்தின் முன்வரிசையில் பாதிப் பேருக்கு முகமில்லை. கரப்பான்களும் எறும்புகளும் திருவிழாவைக் கொண்டாடியிருந்தன. கடையில் விற்கும் வெள்ளைப் பசையே போதும்.

பார்த்தல், தொங்கவிடல்

வேலை முடிந்தபின் "அழகாயிருக்கு" என்ற சொல்லைக் கூடியவரை தவிருங்கள். அது பிள்ளைக்கு எதையும் சொல்வதில்லை, பக்கத்துப் பிள்ளைக்குச் சொல்லாமல் விட்டதை மட்டும் சொல்கிறது. கண்டதைச் சொல்லுங்கள்: "நாடா துளைக்குள் இறங்கும் இடத்தைக் கவனித்திருக்கிறாய்", "இந்தப் பக்கம் மட்டும் அழுத்திக் கீறியது ஏன்?" தெரிவு செய்த பத்துப் படங்களைத் தொங்கவிடுவதை விட்டு, நாற்பதையும் பிள்ளைகளின் கண்மட்டத்தில் தொங்கவிடுங்கள்; பெரியவர்கள் குனிந்து பார்க்கட்டும். போட்டிகளுக்கு அனுப்புவதானால் வகுப்பில் முடித்த படத்தை வகுப்பிலிருந்தே அனுப்புங்கள். ஓர் இரவு வீட்டுக்குப் போய் வந்த படங்களில் மலைகளுக்குத் திடீரென்று நிழல் விழுந்திருப்பதைக் கண்டிருக்கிறேன்.

நான்காம், ஐந்தாம் தரங்களை ஆண்டுக்கு ஒருமுறையாவது வெளியே அழைத்துச் செல்லலாம். பொரளைக் கௌதமி விகாரையின் சுவர்களில் ஓவியர் ஜோர்ஜ் கீற் 1939, 1940ஆம் ஆண்டுகளில் வரைந்த ஓவியங்கள் இருக்கின்றன. தூக்காத ஒரு கோடு தோளிலிருந்து விரல்வரை எப்படிப் போகிறது என்பதைக் காட்ட அவற்றைவிட நல்ல இடம் இந்நகரில் இல்லை. வழிபாட்டிடம் என்பதால் முன்கூட்டியே அனுமதி கேட்டு, சிறு குழுக்களாகப் போக வேண்டும். ஒவ்வொரு பிள்ளையும் ஓவியத்திலுள்ள ஒரு கையை மட்டும் தெரிந்தெடுத்துப் பென்சிலால் கீறி வந்தால் போதும். 1993இல் தொடங்கிய கலாபொல என்னும் திறந்தவெளி ஓவியச் சந்தை ஆனந்த குமாரசுவாமி மாவத்தை நடைபாதையில் கூடும்போது, பெற்றோரோடு போய்வரச் சொல்லலாம். வரைந்தவரையே நேரில் கண்டு கேள்வி கேட்கப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் அரிய வாய்ப்பு அது.

ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் பெயரையும் திகதியையும் எழுதி, பிள்ளைக்கொரு கோவையில் ஆண்டு முழுவதும் சேர்த்து வையுங்கள். மூன்றாந் தவணையின் கடைசி வாரங்களில் எதையும் விளக்காமல் வலக்காற் சப்பாத்தை மறுபடியும் கழற்றச் சொல்லி, கீறி முடித்தபின்பே முதலாவது படத்தைக் கோவையிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். இடையில் கால் வளர்ந்து பலருக்கும் சப்பாத்து மாறியிருக்கும். புதுச் சப்பாத்தில் தேய்வு எங்கேயென்று கேட்டால் திகைப்பார்கள். அவர்களிடம் நாடாவைப் பற்றிக் கேளுங்கள். தாளின் இரு ஓரத்துப் புள்ளிகளை இந்த முறையும் மறக்க வேண்டாம்.